கடைவாய்ப் பல்லில் பாதரசம்: பழைய வெள்ளி அடைப்பை எடுக்கணுமா, விடணுமா?

கருங்கல்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று நாகர்கோவிலில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனோம். ஈறைப் பார்த்ததைவிட அவர்கள் அவளுடைய பழைய அடைப்புகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். பள்ளியில் படிக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல் மூன்றில் வெள்ளி அடைத்திருந்தோம். இன்றுவரை வலி கிடையாது, கூச்சம் கிடையாது. "இதில் பாதி பாதரசம், குழந்தைக்குப் போகும், மூன்றையும் எடுத்துவிட்டு வெள்ளைப் பூச்சு வைத்துவிடலாம்" என்று ஒரு தொகையும் எழுதிக் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்து எனக்குத் தூக்கம் போனது. அதைவிட அந்தப் பேச்சைக் கேட்டு மகளுக்குத் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டு உடனே எடுக்கச் சொல்கிறார். பாதரசம் விஷம் என்றால் அதை வாயில் வைக்கலாம் என்று முதலில் யார் சொன்னது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோவாளைத் தம்பி:
அக்கா, யோசிக்கவே வேண்டாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை கதை நினைவிருக்கிறதா? பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து 2001இல் ஆலையை மூடினார்கள். மண்ணில் கிடந்தாலே அந்தப் பாடு என்றால் வாயில் இருந்தால்? நாளைக்கே எடுத்துவிடுங்கள்.

பழைய பல்வைத்தியர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அம்மா, நீங்கள் நாளைக்கே எதையும் எடுக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன். தக்கலை, நாகர்கோவில் பக்கம் பல வருஷம் பல் பார்த்தவன் நான். இப்போது ஓய்வு.

அந்த அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பது உண்மை. ஆனால் தெர்மாமீட்டருக்குள் ஓடுகிற பாதரசம் போல அது இல்லை. வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியோடு சேர்ந்து இறுகி இன்னொரு பொருளாகவே ஆகிவிட்டது. மெல்லும்போதும் பல் கடிக்கும்போதும் அதிலிருந்து துளி ஆவி வருவதும் உண்மைதான். நாளொன்றுக்குச் சில மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

ஆவி அதிகமாக வருவது இரண்டே நேரத்தில். ஒன்று அடைப்பை வைக்கும்போது, இன்னொன்று டிரில் வைத்துக் குடைந்து எடுக்கும்போது. பாதரசத்தை விழுங்கினால் குடல் மிகக் கொஞ்சமே உறிஞ்சும். மூச்சில் இழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு உடம்பில் தங்கும். அந்த ஆவி நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்கும் போகக்கூடியது. அதனால்தான் கர்ப்பிணிக்குப் புதிதாக வெள்ளி அடைக்கக் கூடாது என்கிறோம். அதே காரணத்துக்காகத்தான் நன்றாக இருக்கிற அடைப்பைக் கர்ப்ப காலத்தில் குடையவும் கூடாது என்கிறோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், நரம்பு நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு அடைப்பு நல்லது என்று சொன்னது. அதே அறிக்கையில், நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பை மருத்துவத் தேவை இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. உங்களிடம் அறிக்கையின் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

ஈறில் ரத்தம் வருவது கர்ப்ப காலத்தில் சகஜம். ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சட்டென்று வீங்கும். பல்லைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதை மட்டும் செய்யுங்கள்.

முதலில் யார் சொன்னது என்று கேட்டீர்களே, அதற்கு இரவு எழுதுகிறேன். நீளமான கதை.

கருங்கல்காரி:
சார், நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது. மகளிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கதையையும் எழுதுங்கள், அவளும் கேட்கணும் என்கிறாள்.

பழைய பல்வைத்தியர்:
சரி, கேளுங்கள்.

எழுத்தில் கிடைக்கிற பழைய குறிப்பு சீனாவில்தான். 659இல் தாங் அரசு தொகுத்த மருந்து நூலில் பாதரசம், வெள்ளி, தகரம் சேர்த்துப் பல்லை அடைக்கும் பசை வருகிறது. 1500களில் ஜெர்மனியின் உல்ம் நகர வைத்தியர் யோகானஸ் ஸ்டோக்கரும் அப்படி ஒன்றை எழுதிவைத்தார். ஆனால் அது அங்கிருந்து பரவவில்லை. ஐரோப்பாவில் பணக்காரனுக்குத் தங்க ரேக்கு, மற்றவனுக்கு ஈயமோ தகரமோ, இல்லாவிட்டால் குறடு. அவ்வளவுதான்.

1800களின் தொடக்கத்தில் பிரான்சில் ஒரு உலோகக் கலவையை உருக்கிப் பல் குழியில் ஊற்றிப் பார்த்தார்கள். கொதிக்கிற உலோகம்! நினைத்துப் பார்க்கவே கூசுகிறது. உருகும் சூட்டைக் குறைப்பதற்காக அதில் பாதரசம் சேர்த்தார்கள். 1826இல் பாரிஸில் ஓகுஸ்த் தவோ என்பவர் வெள்ளி நாணயத்தை அரத்தால் ராவி, அந்தப் பொடியைப் பாதரசத்தில் குழைத்து, சூடே இல்லாமல் அடைத்தார். அது பிடித்துக்கொண்டது. ஆனால் நாணய வெள்ளியில் செய்த அடைப்பு இறுகும்போது விரியும். சிலருக்குப் பல்லே பிளந்தது, சிலருக்குக் கடி மாறியது.

1833இல் கிராகூர் சகோதரர்கள் என்று இரண்டு பேர் அதை நியூயார்க்குக்குக் கொண்டு போனார்கள். தங்கத்துக்கு மாற்றாக 'ராஜ கனிமம்' என்று விளம்பரம். சொத்தையைச் சுரண்டாமல் அதன்மேலேயே அப்பிவிடுவார்கள். வலி இல்லை, நேரம் ஆகாது, கூட்டம் அலைமோதியது. கொஞ்ச நாளில் பல் அழுகி அடைப்பு விழ ஆரம்பித்ததும் ஆள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அந்த எரிச்சல் அங்கே பல் மருத்துவர்களிடம் கடைசிவரை போகவில்லை. 1840இல் அவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 1843இல் பாதரச அடைப்பு தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று தீர்மானம் போட்டார்கள். 1845இல் 'இதை ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன்' என்று உறுப்பினர்களிடம் கையெழுத்து கேட்டார்கள். போடாதவர்களை நீக்கவும் செய்தார்கள். சண்டை சங்கத்தையே தின்றது. 1856இல் அது கலைந்தது. இன்றைய அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1859இல் புதிதாகத் தொடங்கியது.

இதில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அந்தச் சங்கத்தாரின் பயத்தில் நியாயம் இருந்தது, ஆவியைப் பற்றிய கவலை உண்மையானது. ஆனால் தங்க அடைப்பு வைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். மலிவான பொருள் வந்தால் பிழைப்பு போகும் என்ற கவலையும் அதே கோபத்தில் கலந்திருந்தது. அதனால் யாரும் பொருளை நிதானமாகச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த வேலையைச் செய்தவர் சிகாகோவின் ஜி.வி. பிளாக். 1895 வாக்கில் வெள்ளி இவ்வளவு, தகரம் இவ்வளவு என்று அளந்து அளந்து, விரியாமலும் சுருங்காமலும் இறுகுகிற கலவையைக் கண்டுபிடித்தார். வெள்ளி மூன்றில் இரண்டு பங்கு. 1963இல் கனடாவில் செம்பைக் கூட்டி இன்னும் உறுதியாக்கினார்கள். உங்கள் மகளின் பல்லில் இருப்பதும் அநேகமாக அந்த வழி வந்ததுதான்.

நெய்யூர் அக்கா:
சார் எழுதியதைப் படித்ததும் பழைய வாசனையே வந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் எண்பதுகளில் உதவியாளராக இருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அதை எப்படிக் கலந்தோம் என்று தெரிய வாய்ப்பில்லை.

உள்ளே சொரசொரப்பான கண்ணாடிக் கலுவம் ஒன்று, அதற்கேற்ற குழவி. பொடியைப் போட்டுப் பாதரசத்தைச் சொட்டுவோம். அரைக்க அரைக்க முதலில் கரகரவென்று ஓடும், அப்புறம் சுவரில் ஒட்டிக்கொண்டு பளபளவென்று ஒரே உருண்டையாகச் சேரும். அதை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து வலது கை பெருவிரலால் மசிக்கணும். கையுறை கிடையாது. பிறகு மெல்லிய துணியில் முடிந்து குறடால் முறுக்கினால் அதிகப்படி பாதரசம் துணிக்கு வெளியே முத்து முத்தாகக் கசியும். காதருகே வைத்து அழுத்தினால் நறநறவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பதம் சரி என்று அர்த்தம். டாக்டர் கையை நீட்டிக்கொண்டிருப்பார்.

கசிந்ததைக் கிண்ணத்தில் பிடிப்போம், பாதி கீழே போகும். சிவப்புக் காவி போட்ட சிமென்ட் தரை, நிறைய விரிசல். மின்விசிறி சுற்றும். மழைக்காலத்தில் சன்னலைச் சாத்திவிடுவோம். சாயங்காலம் பெருக்கினால் துடைப்பத்துக்கு முன்னால் குண்டுகுண்டாக உருளும். ஒரு அக்கா கல்யாண மோதிரத்தைக் கழற்ற மறந்துவிட்டார். அன்று மதியத்துக்குள் தங்கம் வெள்ளையாகிவிட்டது. தட்டானிடம் கொடுத்து நெருப்பில் காட்டித்தான் மீட்டார்கள். அந்த நெருப்பிலும் புகை வந்திருக்கும் இல்லையா, தட்டான் அதை மூச்சில் இழுத்திருப்பார் என்று இப்போது நினைத்தால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

நோயாளிக்கு ஒரு தடவை, ஒரு பல். எங்களுக்கு நாள் முழுக்க, வருஷம் முழுக்க. எங்கள் சிறுநீரில் பாதரசம் இருக்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை.

பழைய பல்வைத்தியர்:
அக்கா, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இது. நோயாளியின் பயத்தைப் பற்றி நூறு வருஷம் பேசினார்கள், கலந்து கொடுத்த கையைப் பற்றிப் பேசவில்லை.

பேசிய ஒருவர் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் ஸ்டாக். ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்கில் பாதரச ஆவியைச் சுவாசித்து அவருக்கே தலைவலி, மறதி, தலைசுற்றல், ஓயாத சளி. காரணம் பிடிபட்டதும் 1926இல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றி எழுதினார், பல் அடைப்பையும் சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பாதரசத்தை மிகக் குறைந்த அளவில் அளக்கும் முறைகள் வளர்ந்தன. பிற்பாடு பொடியும் பாதரசமும் அளவாக அடைத்த கேப்சூல், அதைக் குலுக்கும் மெஷின் எல்லாம் வந்தன. பிழிகிற துணி போனது. நம் பக்கச் சின்ன கிளினிக்குகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது.

கோட்டாறு வைத்தியசாலை:
எல்லோரும் ரசத்தை, அதாவது பாதரசத்தை, ஒரேயடியாக விஷம் என்று ஒதுக்குவது வருத்தமாக இருக்கிறது. சித்த மருத்துவத்தில் ரசம், லிங்கம், பூரம், வீரம் எல்லாம் பாதரசம் சேர்ந்த மருந்துச் சரக்குகள். சுத்தி செய்து, கந்தகத்தோடு கருக அரைத்து, முறையாக முடித்தால் அது வேறு பொருள். ரசத்தைத் திட மணியாக்குகிற ரசமணி வித்தையும் இறுக்குகிற வித்தைதானே? எங்கள் முன்னோருக்குத் தெரிந்ததைத்தான் பாரிஸ்காரன் செய்தான்.

பழைய பல்வைத்தியர்:
வைத்தியர் ஐயா, உங்கள் மரபின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. என் தாத்தாவின் முறிந்த கையைக் கட்டி நேராக்கியது ஒரு வர்ம ஆசான்தான். கந்தகத்தோடு சேர்ந்த ரசம் எளிதில் கரையாது, ஆவியாகாது என்பதும் வேதியியல்படி சரி. ஆனால் எல்லாப் பாதரசச் சரக்கும் அப்படி அல்ல. நீங்கள் சொன்ன பூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கொடுத்த பொடியில் அதுதான் இருந்தது. சாதாரணமாகக் கடையில் விற்றது. சில குழந்தைகளுக்குக் கையும் காலும் சிவந்து உரிந்து, வெளிச்சம் பட்டால் அழுது, எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். 'இளஞ்சிவப்பு நோய்' என்றார்கள், காரணம் தெரியாமல் பல ஆண்டு தவித்தார்கள். 1940களில் ஜோசப் வார்க்கானி என்ற குழந்தை மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார். 1950களில் பொடியைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், நோயும் அதோடு ஒழிந்தது. பல்லுக்காகப் பாதரசம் செய்த ஆகப்பெரிய கொடுமை என்று நான் நினைப்பது இதைத்தான். அடைப்பை அல்ல. ஆகவே கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் ரசம் சேர்ந்த எந்த மருந்தும் வேண்டாம், எந்த முறையாக இருந்தாலும்.

கோட்டாறு வைத்தியசாலை:
கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் நாங்களும் ரச மருந்து கொடுப்பதில்லை. அதில் வாதமே இல்லை.

குலசேகரம் மாணவி:
பல் மருத்துவம் (பிடிஎஸ்) கடைசி வருஷம் படிக்கிறேன். சார் எழுதியதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய அடைப்பை எடுக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் படிக்கிறவர்களுக்கு வெள்ளி அடைப்பு நல்லதுதான் போல என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

பிள்ளைகளிடம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. லிஸ்பனில் 507 குழந்தைகளை ஏழு வருஷமும், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் 534 குழந்தைகளை ஐந்து வருஷமும் பார்த்தார்கள். 2006இல் முடிவுகள் வந்தன. வெள்ளி அடைத்தவர்களுக்கும் வெள்ளை அடைத்தவர்களுக்கும் அறிவுத்திறனிலோ நரம்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியிருந்தும் உலகம் இதைக் கைவிடுகிறது. காரணம் வாய் அல்ல. வாஷ்பேசினில் துப்புகிறது சாக்கடைக்குப் போகிறது, பிணம் எரிக்கும்போது பல்லில் இருப்பது ஆவியாகப் புகைபோக்கி வழியே போகிறது. நார்வே 2008இலும் ஸ்வீடன் 2009இலும் நிறுத்திவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் 15 வயதுக்குக் கீழே நிறுத்தி, 2025 ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் நிறுத்தியது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உருவான மினமாட்டா உலக உடன்படிக்கையில் இந்தியா 2018இல் முழுமையாகச் சேர்ந்தது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது 2034க்குள் உலகம் முழுக்க நிறுத்துவதாக முடிவு செய்திருக்கிறார்கள். அதனால் இன்று புதிதாக அடைப்பவர்கள் வேறு பொருளைக் கேட்பதே நல்லது.

பழைய பல்வைத்தியர்:
மக்ளே, நீ சொல்வது அத்தனையும் சரி. ஆனால் 2034 என்று சொல்லிவிட்டு நாம் போய்விட முடியாது. முட்டத்திலிருந்தும் இனயத்திலிருந்தும் வந்த பெண்களுக்கு நான் பல் பார்த்திருக்கிறேன். காலையில் மீன் விற்றுவிட்டு, கூடையை வெளியே வைத்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு இருந்தது இரண்டே வழி. ஒன்று வெள்ளி அடைப்பு, இன்னொன்று பிடுங்கிப் போடுவது. கடைவாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், அங்கே கம்போசிட் என்கிற வெள்ளைப் பூச்சு வைக்கப் பல் உலர்ந்திருக்க வேண்டும், அதை இறுக்க விளக்கு வேண்டும், நேரம் வேண்டும், காசு வேண்டும். வெள்ளி ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், பதினைந்து இருபது வருஷம் கிடக்கும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மலிவான இன்னொன்றை வைக்காவிட்டால் ஏழைகளின் பல் குறடுக்குத்தான் போகும்.

குலசேகரம் மாணவி:
அதற்குத்தான் கிளாஸ் அயனோமர் என்கிற அடைப்புப் பொருள் இருக்கிறது சார். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சன், கென்ட் இருவரும் கொண்டுவந்தது. பல்லோடு தானே ஒட்டும், ஃபுளூரைடு கொஞ்சம் கொஞ்சமாக விடும், மின்சாரம்கூட இல்லாமல் கையால் சுரண்டி அடைக்கலாம். பால் பல்லுக்கு அருமை. பெரியவர்களின் கடைவாயில் தேய்மானம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முகாமில் அதையே வைக்கிறோம், மீனவக் கிராமங்களிலும். எல்லா அரசு மருத்துவமனையிலும் அது தட்டுப்பாடில்லாமல் கிடைக்கணும். உங்களைப்போன்ற பெரியவர்கள் அதைக் கேட்டால் எடுபடும்.

பழைய பல்வைத்தியர்:
கேட்கிறேன். கட்டாயம் கேட்கிறேன்.

தூத்தூர் கடலோடி:
பல் விஷயத்துக்கு நடுவே ஒரு சந்தேகம். எங்கள் ஊர் ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வெகுதூரம் போகிறவர்கள். பெரிய மீனில் பாதரசம் என்கிறார்களே, பல்லில் இருப்பதும் அதுவும் ஒன்றா? எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா புட்டுதான் முதல் மருந்து.

குலசேகரம் மாணவி:
ஒரே உலோகம்தான் அண்ணா, ஆனால் வடிவம் வேறு. நிலக்கரி எரிப்பதிலும் சின்னச் சின்னத் தங்கச் சுரங்கங்களிலும் காற்றுக்குப் போகிற பாதரசம் கடலில் இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது குடலில் நன்றாக உறிஞ்சப்படும், பிள்ளையின் மூளைக்கும் போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிவந்த கொடுமை அதுதான், தொழிற்சாலைக் கழிவு கலந்த விரிகுடாவின் மீனைச் சாப்பிட்ட குடும்பங்கள். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன மேலே போகப் போகச் சேரும். அதனால் பெரிய சுறாவைக் கர்ப்பிணிகள் தவிர்க்கணும். பால் சுறா சின்ன இனம், அந்த அளவுக்குச் சேராது, ஆனாலும் தினமும் வேண்டாம். சாளை, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றில் பாதரசம் மிகக் குறைவு, பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு நிறைய.

கருங்கல்காரி:
மூன்று அடைப்புக்குப் பயந்துகொண்டிருந்தோம், தட்டில் இருப்பதைக் கேட்கவே இல்லை. இன்றைக்குச் சாளைக் குழம்புதான். ஈறைச் சுத்தம் செய்ய வேறு இடத்தில் நேரம் வாங்கிவிட்டோம். அடைப்பைத் தொட வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள்.

மார்த்தாண்டத்தான்:
அவசரமாக ஒரு உதவி. அப்பா பல் கிளினிக் வைத்திருந்தார். மூடிப் பல வருஷம் ஆகிறது. அறையை ஒழிக்கும்போது மேசை இழுப்பறையில் பாதரசம் அரை பாட்டில் கிடைத்தது. தகர மூடி துருப்பிடித்திருக்கிறது. இழுப்பறை மூலையிலும் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிகின்றன. பழைய சாமான் வாங்குகிறவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை உண்டு. என்ன செய்யலாம்?

நெய்யூர் அக்கா:
தம்பி, பழைய சாமான்காரருக்குக் கொடுக்காதீர்கள். யாரோ தங்கம் உருக்குகிற இடத்துக்குப் போய்ப் புகையாகும். குழந்தையை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள். சன்னலைத் திறந்துவையுங்கள், துடைப்பம் போடாதீர்கள், வேக்வம் கிளீனர் போடவே போடாதீர்கள். மோதிரம், செயின் எல்லாம் கழற்றிவிட்டு, கையுறை மாட்டி, கல்யாணப் பத்திரிகை மாதிரி தடித்த அட்டை இரண்டை வைத்து உருண்டைகளை ஒன்றாகத் தள்ளிச் சேருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக் கண்ணாடிக் குப்பியில் விட்டு இறுக மூடுங்கள். விரிசலில் போனதன்மேல் கந்தகப் பொடி தூவுங்கள், பிறகு அதையும் அள்ளி அதே மாதிரி மூடிவையுங்கள். வாஷ்பேசினில் எதையும் கழுவாதீர்கள்.

பழைய பல்வைத்தியர்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த மூடியைத் திறக்க முயலாதீர்கள். பாட்டிலை அப்படியே வாயகன்ற பிளாஸ்டிக் ஜாடிக்குள் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் துணி திணித்து, ஜாடியை மூடி, 'பாதரசம், திறக்காதே' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெயில் தாக்குகிற மச்சில் வைக்க வேண்டாம். குளிர்ச்சியான, பூட்டுகிற அலமாரி போதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர் யார் என்று கேளுங்கள். பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரித்துப் பாருங்கள், அவர்களிடம் சேரும் கழிவோடு இதையும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கலாம். யாராவது வாங்க ஒப்புக்கொண்டால் பஸ்ஸில் கொண்டு போகாதீர்கள். காரில், ஜாடியைப் பெட்டிக்குள் அசையாமல் வைத்து, சன்னலை இறக்கிவிட்டுப் போங்கள். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியைப் பிடியுங்கள். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் அது, அரை பாட்டில்தானே என்று கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கை நழுவிவிடும்.

மார்த்தாண்டத்தான்:
ஜாடி வாங்கிவிட்டேன் சார். கந்தகப் பொடி எங்கே கிடைக்கும்?

கோட்டாறு வைத்தியசாலை:
நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், அரைத்ததே வைத்திருக்கிறேன், தருகிறேன்.